வஹீத் வந்துகொண்டிருக்கிறார்

காஷிஃபுஷியில் இன்றைக்கும் யாரையாவது நிறுத்தி, இந்தத் தீவுக்கு ஆங்கிலம் எப்போது வந்தது என்று கேட்டால் பள்ளிக்கூடம் கட்டிய வருஷத்தைச் சொல்ல மாட்டார்கள். சுகிர்தா மிஸ் போர்டில் 'இஸ் கமிங்' என்று எழுதிய நாளைச் சொல்வார்கள், அன்றைக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று சொல்வார்கள், எந்த வீட்டு அடுப்பில் எந்த மீன் கொதித்தது என்பதுவரை சொல்வார்கள். அது ஏன் நடந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால், "மிஸ் சொல்லிக் கொடுத்தாங்க, பிள்ளைங்க சொன்னாங்க, நடந்துச்சு" என்று சொல்லிவிட்டு ஒரு துண்டுப் பாக்கை வாயில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கும் அதற்கு மேல் தெரியாது.

சுகிர்தா நாசரேத்துக்காரி. ஆங்கிலம் படித்துவிட்டு, வேலைக்குப் போன பள்ளிக்கூடங்களிலெல்லாம் தையல் வகுப்பையும் ஆண்டு விழா நடனத்தையுமே தன் தலையில் கட்டுகிறார்கள் என்ற கோபத்தில், மாலத்தீவில் ஆங்கில டீச்சர் தேவை என்று காதில் விழுந்ததும் பெட்டியைக் கட்டிவிட்டாள். வந்து இறங்கிய மறுநாள் காலையிலேயே சூரை மீனையும் தேங்காய்த் துருவலையும் பிசைந்து ரொட்டியோடு கொண்டுவந்து வைத்தார்கள். விடிந்ததும் விடியாததுமாய் மீனா என்று முகத்தைச் சுளித்தவள், கொஞ்ச நாளில் அது இல்லாத காலையைக் காலை என்றே ஒப்புக்கொள்ளாத ஆளாகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் வைப்பது மட்டும் அவளுக்குக் கடைசிவரை செரிக்கவில்லை. பிள்ளைகள் நோட்டைப் பின்பக்கத்திலிருந்து திறந்தார்கள், ஏனென்றால் அவர்களுடைய எழுத்து வலமிருந்து இடம் போவது. அவள் ஒவ்வொரு நோட்டாக வாங்கித் திருப்பிக் கொடுத்தாள், திட்டினாள், கடைசியில் எந்தப் பக்கம் திறந்தால் என்ன, எழுதினால் போதும் என்று விட்டுவிட்டாள். தோணியை அந்த ஊர்க்காரர்களும் தோணி என்றே சொன்னார்கள், இளநீர்க் காயை அவள் ஊர்க் குரும்பை போலவே குரும்பா என்றார்கள். அந்த இரண்டு சொற்களைக் கேட்ட அன்றைக்கு அவள் தன் அறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள்.

அந்த 'இஸ் கமிங்' நாளில் நடத்திக்கொண்டிருந்தது நிகழ்காலத் தொடர்வினை. உங்கள் அப்பா இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். ஒருவனுடைய அப்பா வலை பின்னிக்கொண்டிருந்தார், ஒருத்தியுடைய அப்பா தூங்கிக்கொண்டிருந்தார், எல்லாம் ஆங்கிலத்தில், எல்லாம் சரியாக. அந்த வேகத்தில் நஷ்வாவிடமும் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சில நாட்களுக்கு முன் நஷ்வாவின் அப்பா வஹீத் தனியாகத் தோணியில் மீன்பிடிக்கப் போன அன்றைக்குத்தான் கடல் புரண்டது, ஊர்த் தோணிகளெல்லாம் போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருந்தன, வீட்டில் அழுகைச் சத்தம் கேட்க வேண்டாம் என்றுதான் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். கேட்ட கேள்வியைத் திரும்ப வாங்கவா முடியும்? நஷ்வா எழுந்து நின்று, "மை ஃபாதர் இஸ் கமிங்" என்றாள்.

அது அவளுக்கே கேட்காத குரல். "கேக்கலை மிஸ்" என்று பின்பெஞ்சிலிருந்து கத்தினார்கள். என்ன செய்வதென்று தெரியாத டீச்சர் எல்லா ஊரிலும் என்ன செய்வாளோ அதையே சுகிர்தாவும் செய்தாள். போர்டில் 'இஸ் கமிங்' என்று எழுதிவிட்டு, "எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க" என்றாள். ஹெர் ஃபாதர் இஸ் கமிங் என்று வகுப்பு மொத்தமும் கூரைத் தகடு அதிரக் கத்தியது.

மதியத் தொழுகை முடிந்து வெளியே வந்தவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். மேற்கே, கடலும் வானமும் சேரும் கோட்டில், வஹீத்தின் நீலத் தோணி தீவைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. முனையில் நுரை தெறித்தது, எஞ்சின் சத்தம் காற்றில் லேசாகக் கேட்டது, பின்பக்கத்தில் வஹீத் எப்போதும் போலச் சுக்கானைக் காலால் பிடித்துக்கொண்டு நின்றார். ஊரே கரைக்கு ஓடியது. நஷ்வாவின் அம்மா ராஷிதா முட்டியளவு தண்ணீரில் இறங்கி நின்றாள். தோணி வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது, பொழுது சாய்ந்தபோதும் அதே கோட்டில், அதே அளவில் வந்துகொண்டே இருந்தது.

சும்மா இருப்பார்களா? விசைப்படகை எடுத்துக்கொண்டு போனார்கள். எவ்வளவு தூரம் போனாலும் தோணி எவ்வளவு தூரத்தில் இருந்ததோ அவ்வளவு தூரத்திலேயே இருந்தது. கத்தினார்கள், துணியை வீசினார்கள், வஹீத் இவர்களைப் பார்க்காமல் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். டீசல் தீர்ந்து திரும்பி வந்தார்கள். மறுநாள் இன்னொரு படகு போனது. அதற்கடுத்து யாரும் போகவில்லை, ஏனென்றால் ஒரு மனிதன் அதிசயத்தோடு வாழப் பழகுவதற்கு ரொம்ப நாள் ஆவதில்லை, மழைக்காலத்துக்குப் பழகுவதைவிடச் சீக்கிரமாகவே பழகிவிடுகிறான். மீன்பிடிக்கப் போகிறவர்கள் 'வஹீத்துக்கு இடப்பக்கம் சூரை கிடைக்குது' என்று வழி சொல்லத் தொடங்கினார்கள். கடைக்காரர் பைனாகுலர் வரவழைத்து விற்றார். பிள்ளைகள் காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில் மேற்கே பார்த்து சலாம் சொல்லிவிட்டுப் போனார்கள். ராஷிதா தினமும் அவருக்கும் சேர்த்துச் சோறு வடித்து, மீன் ரசம் வைத்து, தட்டைக் கவிழ்த்து வைத்துக் காத்திருந்து, சாயங்காலம் அதைத் தானே சாப்பிட்டாள். அக்கம்பக்கத்தார் அவளிடம், "வந்துட்டிருக்காரா?" என்று கேட்பார்கள். "வந்துட்டிருக்கார்" என்பாள். அதிலேயே அவளுக்குப் பாதிப் பசி அடங்கிவிடும்.

சுகிர்தா மட்டும் நம்பவில்லை. ஏதோ கானல், ஏதோ வெயில் செய்யும் வேலை என்று கணக்கு வாத்தியார் திரவியத்திடம் வாதாடினாள். திரவியம் சங்கரன்கோவில்காரர், அவளுக்கு முன்பே இங்கே வந்து சேர்ந்தவர், தீவில் அவளோடு சரளமாகத் தமிழ் பேச அவர் ஒருவர்தான். "நீங்க நம்புங்க, நம்பாம போங்க, அந்த மனுசன் அங்கன நிக்காருல்லா" என்றார் அவர்.

பரீட்சை பார்த்துவிடுவது என்று ஒரு மழை நாளில் வகுப்பைச் சேர்ந்து சொல்ல வைத்தாள், இட் இஸ் ரெயினிங் என்று. மழை விடவில்லை. ராத்திரி பகல் பாராமல் பெய்தது, மணல் தெருக்கள் ஓடையாகின, கோழிகள் கூரையில் ஏறின, தலைமை ஆசிரியர் லதீஃப் குடையோடு வகுப்பு வாசலில் வந்து நின்று, "மிஸ், நிறுத்துங்க" என்றார். இட் வாஸ் ரெயினிங் என்று சொல்ல வைத்தாள். பேசிக்கொண்டிருந்தவன் வாயைப் பொத்தினாற்போல மழை நின்றது. நின்றது மட்டுமில்லை, அதன் பிறகு ஒரு மேகமும் தீவுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, மழைத் தொட்டிகள் அடி தெரிய வற்றின, தலைநகரிலிருந்து குடிதண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. அப்போதுதான் சுகிர்தா நம்பினாள். பாடப் புத்தகத்தில் அடுத்த பாடம் இறந்தகாலம்.

தீவு முழுக்க அதைப் புரிந்துகொண்டது. மறுநாள் காலை அவள் வகுப்புக்குப் போனபோது வாசலில் ராஷிதா நின்றிருந்தாள். லதீஃப் கொழும்பில் படித்தவர், அரைகுறைத் தமிழ் தெரியும், ராஷிதா சொல்லச் சொல்ல அவர்தான் தமிழில் சொன்னார்.

"மிஸ், அந்தப் பாடத்தை நடத்தாதீங்க. அவர் வந்துட்டிருக்கார்னு இருக்கிற வரைக்கும் நான் அவர் பொண்டாட்டி. வந்துட்டிருந்தார்னு ஆயிட்டா நான் யாரு?"

"நடத்த மாட்டேன்" என்றாள் சுகிர்தா.

அன்றிலிருந்து காஷிஃபுஷியில் இறந்தகாலத்துக்குத் தடை. பிள்ளைகள் மதியம் மூன்று மணிக்கும் 'நான் காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்' என்றே எழுதினார்கள், போன வருஷத்துப் பெருநாளைக் கொண்டாடிக்கொண்டே இருந்தார்கள், தாத்தாக்கள் எல்லோரும் ஆங்கிலத்தில் இளைஞர்களாக இருந்தார்கள். ஊர்க்காரர்கள் தங்கள் பாஷையில்கூட 'போனான்', 'இருந்தான்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் தொண்டையைக் கனைத்துவிட்டு வேறு பேச்சுக்குத் தாவினார்கள். எல்லோருக்கும் அது சௌகரியமாகவே இருந்தது. இன்னும் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் அப்படியே ஓட்டியிருப்பார்கள், அதுதான் மனிதர்களுடைய லட்சணம்.

ஆனால் நஷ்வா தினமும் பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் இடைவேளையில் சுகிர்தாவின் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, "மிஸ், அப்பாவுக்குத் தாடி" என்றாள். சுகிர்தா வாங்கிப் பார்த்தாள். மார்பு வரை தாடி. சட்டை ஆணியில் மாட்டிய சட்டை மாதிரித் தொங்கியது. அடுத்த சில நாட்களில் வஹீத் நிற்கவில்லை, பலகையில் உட்கார்ந்து கையால் சுக்கானைப் பிடித்திருந்தார். பிறகு படுத்துவிட்டார், படுத்தபடியே தண்ணீர்க் கேனைத் தலைகீழாக வாய்க்கு மேலே பிடித்திருந்தார், அதிலிருந்து எதுவும் விழவில்லை. தோணி வந்துகொண்டிருந்தது. அதில் வந்துகொண்டிருந்த மனிதன் செத்துக்கொண்டிருந்தான்.

பைனாகுலர் கை மாறிக் கை மாறிப் போனது.  சௌகரியம் அன்றோடு முடிந்தது. லதீஃப்தான், "எதிர்காலத்தில சொல்லிப் பார்ப்போம், அது நல்ல வார்த்தைதானே" என்றார். வகுப்பைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு வந்து, ஹி வில் கம் என்று சொல்ல வைத்தார்கள். சொல்லி முடித்த கணத்தில் தோணி கோட்டுக்குப் பின்னால் இறங்கிப் போயிற்று. கடல் வெறும் கடலாக இருந்தது. ராஷிதா போட்ட கூச்சலில் பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள், அழுகிற பிள்ளைகளை உலுக்கி உலுக்கி, "இஸ் கமிங் சொல்லுங்க, இஸ் கமிங் சொல்லுங்க" என்று சுகிர்தா கதறினாள். சொன்னார்கள். தோணி மறுபடி அதே இடத்தில் ஏறி நின்றது. வருவார் என்பது எவ்வளவு தூரத்துச் சொல் என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்தது. மிச்சம் இருந்தது மழையை நிறுத்திய காலம் ஒன்றுதான்.

மறுநாள் பள்ளிக்கூடம் நடக்கவில்லை. சுகிர்தா கரையில் கயிற்று வலை நாற்காலி ஒன்றில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தன்னால்தான் இந்த ஆள் சாகவும் முடியாமல் பிழைக்கவும் முடியாமல் கிடக்கிறார் என்ற நினைப்பு அவளை விடவில்லை. தூரத்தில் பள்ளிக்கூட வாசலிலிருந்து திரவியம் கூப்பிட்டார்.

"டீச்சர், சாயா ஆறுது, வாங்க!"

"இன்னா வந்துட்டேன் அண்ணாச்சி."

கொஞ்சம் கழித்து அவரே நடந்து வந்தார். "ஏன் டீச்சர், வந்துட்டேன் வந்துட்டேன்னு சொல்லுதீங்க, ஆளு அசையக் காணோமே?"

சுகிர்தா எழுந்துவிட்டாள். "அண்ணாச்சி, நான் இப்ப என்ன சொன்னேன்?"

"வந்துட்டேன்னு சொன்னீங்க."

"வந்தேனா?"

"எங்க வந்தீங்க? அங்கனயேல்லா இருந்தீங்க."

"அப்ப நான் சொன்னது பொய்யா?"

"பொய் எப்படி ஆகும்?" திரவியம் குழம்பிப்போனார். "வருவீங்கள்லா? அந்த உறுதிக்குச் சொல்லுததுதானே அது. வந்துட்டிருக்கேன்னு சொன்னாத்தான் டீச்சர் நம்ப முடியாது, வீட்டுல இருந்து கெளம்பவே இல்லைன்னு அர்த்தம்."

அவள் ராஷிதாவின் வீட்டுக்கு ஓடினாள், வழியில் லதீஃபையும் கையோடு இழுத்துக்கொண்டு போனாள். எங்கள் ஊரில் கூப்பிட்டால், கால் எடுத்து வைப்பதற்கு முன்னாலேயே வந்துவிட்டேன் என்போம், அது முடிந்துபோன காலம் இல்லை, முடித்தே தீருவேன் என்கிற காலம், அதை உங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தருகிறேன் என்று மூச்சு வாங்கச் சொன்னாள். லதீஃபுக்குக் கோபம் வந்தது. "இது தப்பு இங்கிலீஷ், மிஸ்."

"சரியான இங்கிலீஷ்லதான் சார் அவர் அங்கே கிடக்கிறார்."

ராஷிதா கவிழ்த்து வைத்திருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தப்பாப் போச்சுன்னா?" என்று கேட்டாள்.

"தெரியாது" என்றாள் சுகிர்தா. 

 ராஷிதா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான்தான் கூப்பிடுவேன், வேற யாரும் கூப்பிடக் கூடாது" என்றாள்.

கரை மணலில் வகுப்பு நடந்தது. அது போல ஒரு இறந்தகாலப் பாடம் அதற்கு முன் எந்தத் தேசத்திலும் நடந்திருக்காது. சுகிர்தா ஒரு தென்னையடியில் நின்றுகொண்டு ஒவ்வொரு பிள்ளையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள், தனித்தனியாக, மறந்தும் இருவர் சேர்ந்து வாய் திறந்துவிடாமல். முதலில் பிள்ளைகள் ஓடி வந்து நின்றுவிட்டு 'ஐ கேம்' என்றார்கள். இல்லை, அது புத்தகத்துக் 'கேம்', அது மழையை நிறுத்தினது, போங்க திரும்ப என்று விரட்டினாள். கூப்பிட்டதும் சொல்லணும், இருக்கிற இடத்திலேயே இருந்து சொல்லணும், சொன்ன பிறகு வராமல் இருக்கக் கூடாது. ஒருவன் சொல்லிவிட்டுச் சிப்பி பொறுக்கப் போனபோது காதைப் பிடித்துத் திருகினாள். "சொல்லிட்டியா? சொல்லிட்டா வந்தாகணும். அவ்வளவுதான் இலக்கணம்." நிழல் காலடிக்குள் சுருங்குகிற நேரத்தில் பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிட்டது. கரையின் அந்தக் கோடியிலிருந்து ஐ கேம், ஐ கேம் என்று கத்திக்கொண்டு ஒவ்வொன்றாக ஓடி வந்தார்கள். திரவியத்துக்கு அதைக் கேட்க சங்கரன்கோவில் பக்கத்துக் கல்யாண வீடு மாதிரி இருந்ததாம்.

நஷ்வா மட்டும் வாயைத் திறக்கவில்லை. கூப்பிட்டால் வந்தாள், சொல்லாமல் வந்தாள். சுகிர்தா அவளைக் கட்டாயப்படுத்தவில்லை.

எல்லோரும் கடலைப் பார்த்து நின்றார்கள். ராஷிதா தண்ணீரில் இறங்கினாள். "வஹீத்!" என்று கூப்பிட்டாள், பாதியில் குரல் உடைந்து அழுகையாகிவிட்டது. அவருக்குப் பதிலாக, நஷ்வாவைத் தவிர மற்றப் பிள்ளைகள் சேர்ந்து கத்தினார்கள், ஐ கேம்!

எஞ்சின் சத்தம் நின்றது.

இத்தனை நாளாகக் காதில் இருந்துகொண்டே இருந்த சத்தம் நின்றதும் தீவு முழுக்க ஒரு வெறுமை பரவியது. தோணியின் முனையில் நுரை இல்லை. அது வரவும் இல்லை, போகவும் இல்லை, தண்ணீரில் சும்மா கிடந்தது. யாரோ ஒருவர் சாகிறவருக்குச் சொல்லும் கலிமாவைச் சொல்லத் தொடங்கினார். லதீஃப் சுகிர்தாவைப் பார்த்தார், சுகிர்தா மணலைப் பார்த்தாள், இந்த மண்ணைவிட்டு இனி எந்த முகத்தோடு போவேன் என்று நினைத்தாள். நஷ்வா உதட்டைப் பற்களால் கடித்துக்கொண்டு நின்றாள், ஓரத்தில் ரத்தம் கசிந்தது.

அப்போது ராஷிதாவுக்கு என்ன ஆயிற்றோ, அழுகை போய்க் கோபம் வந்துவிட்டது. இத்தனை நாள் வடித்த சோறு, இத்தனை நாள் கவிழ்த்து வைத்த தட்டு, இத்தனை நாள் ஊருக்குச் சொன்ன பதில் எல்லாம் சேர்ந்து வந்த கோபம். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, விளையாடப் போன பிள்ளையையும் அரட்டை அடிக்கப் போன புருஷனையும் சேர்த்து அதட்டிக் கூப்பிடுகிற குரலில் கத்தினாள். "சோறு ஆறுது! இன்னும் எவ்வளவு நேரம்?"

அந்தக் குரலுக்குப் பயந்து பயந்து வளர்ந்தவள் நஷ்வா. யோசிக்க அவளுக்கு நேரம் இருக்கவில்லை. "ஐ கேம்!" என்று அலறினாள், அவளோடு வகுப்பு மொத்தமும் அலறியது.

எஞ்சின் இருமியது. இருமி, நின்று, மறுபடி இருமிப் பிடித்துக்கொண்டது. தோணி பெரிதாயிற்று. முதலில் யாரும் நம்பவில்லை, கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள், பிறகு நீலப் பெயிண்ட் உரிந்த இடம் தெரிந்தது, கயிறு தெரிந்தது, சுக்கானில் கிடந்த கை தெரிந்தது, பவளப்பாறை வாய்க்குள் நுழைந்து தோணி மணலில் முட்டி நின்றது. ஆண்கள் மார்பளவு தண்ணீரில் பாய்ந்து போய் வஹீத்தைத் தூக்கி வந்தார்கள். எடையே இல்லை என்றார்கள். மரத்தடியில் கிடத்தி, குரும்பா வெட்டி, உதட்டில் வைத்தார்கள். முதலில் கடைவாய் வழியாக வழிந்தது. பிறகு தொண்டை அசைந்தது.

நஷ்வா அப்பாவின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். சந்தோஷம் தாங்காமல் மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தாள், வகுப்பைப் பார்த்தாள், மை ஃபாதர் இஸ் என்று தொடங்கினாள். கூடச் சொல்ல வகுப்பு முழுதும் மூச்சை இழுத்தது.

ராஷிதா பாய்ந்து மகளின் வாயைப் பொத்தினாள். சுகிர்தா இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு பிள்ளைகளுக்கு முன்னால் போய் நின்றாள். பிள்ளைகளுக்கும் விளங்கியது, ஒவ்வொருவரும் தங்கள் வாயைத் தாங்களே பொத்திக்கொண்டார்கள். பெரியவர்களும் பொத்திக்கொண்டார்கள், லதீஃப் பொத்திக்கொண்டார், ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாத கடைக்காரரும் எதற்கும் இருக்கட்டும் என்று பொத்திக்கொண்டார். தீவில் ஒரு சத்தமும் இல்லை. வஹீத் குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

வஹீத் குடித்து முடித்தார். புறங்கையால் வாயைத் துடைத்தார். காலிக் குரும்பாவை மணலில் வைத்துவிட்டு, இன்னொன்று கேட்டார்.